காயும் எண்ணெய் மரத்துக்கு, காயாத எண்ணெய் இரும்புக்கு

மூடியைத் திறந்தால் சோம்பு வாசம். கண்ணை மூடிக்கொண்டால் மசால் வடை சுடும் கடைவாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு மேசை. மேசைமேல் போல்ட் கழற்றி வைத்த .22 ரைஃபிள், ஒரு கட்டு வெள்ளைத் துணித்துண்டு, ஒரு பித்தளைத் தூரிகை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் சுட்டு முடித்தபின் இந்த மேசை முன்னால் உட்காரும் அரைமணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். சுடுவது ஒரு சுகம் என்றால், சுட்ட துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது அதைவிடப் பெரிய சுகம். அந்தச் சுகத்தை எனக்குக் கொடுத்த எண்ணெய் பாலிஸ்டால். அதைப் பற்றி எழுதாமல் இனியும் இருக்க முடியாது.

நான் சுங்கை பூலோக்காரன். தேசிய துப்பாக்கி சுடும் மைதானம் இருக்கும் சுபாங் எங்களுக்குப் பக்கம்தான். 2017-ல் கோலாலம்பூரில் சீ விளையாட்டுப் போட்டி நடந்தபோது துப்பாக்கிப் போட்டிகள் எல்லாம் அங்கேதான் நடந்தன. காலையில் பனி விலகும் முன் போனால் புல்லெல்லாம் நனைந்திருக்கும்; மூச்சை உள்ளே இழுத்தாலே ஈரம் தெரியும். எங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இரும்பு துருப்பிடிக்க 60 சதவீதமே போதும். காற்று வறண்ட நாடுகளில் ஒருவர் மாதம் ஒருமுறை துடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம் ஊரில் எண்ணெய்த் தேர்வு என்பது துப்பாக்கியின் ஆயுளைத் தீர்மானிக்கிற விஷயம்.

எனக்கு முதல் பாடம் சொன்னவர் தாத்தா. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபின் தோட்டங்களைக் காவல் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்தார்கள். பால்மரம் சீவிக்கொண்டிருந்த தாத்தா ஐம்பதுகளில் அப்படி ஒரு எஸ்.சி. ஆனார். கையில் .303 லீ-என்ஃபீல்ட் ரைஃபிள். அதன் பின்கட்டையில் இருக்கும் பித்தளை மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பொந்து. பொந்துக்குள் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியும், நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய ஒரு கயிறும். குண்டைக் குழலுக்குள் விட்டு, கயிற்றின் கண்ணியில் நாலுக்கு இரண்டு அங்குலத் துணியை மாட்டி, ஒரே இழுப்பில் இழுப்பார்களாம். நான் சிறுவனாக இருந்தபோது தாத்தா கையில் துப்பாக்கி இல்லை. ஆனால் கதை சொல்லும்போது கை தானாக அந்தக் கயிற்றை இழுக்கும்.

"மொதல்ல சுடுதண்ணி. அப்புறந்தான் எண்ணெய்" என்பார். "உப்பைக் கழுவாம எண்ணெய் போட்டா, துருவுக்குப் போர்வை போத்தி விட்டது மாதிரிடா தம்பி."

அப்போது எனக்குப் புரியவில்லை. துப்பாக்கியில் ஏது உப்பு? பின்னால் படித்தபோது மலைத்துப் போனேன். அந்தக் காலத்து ராணுவத் தோட்டாக்களின் தீப்பொறி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து முடிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு உடன்பிறப்பு. அது குழலுக்குள் படிந்து, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, ஒரே இரவில் இரும்பை அரிக்கத் தொடங்கிவிடும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் சிப்பாய்கள் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, பிறகு எண்ணெய் தடவினார்கள். வேதியியல் படிக்காத தாத்தா மொத்தப் பாடத்தையும் ஒரு போர்வைக்குள் மடித்துக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்வார். ரப்பர் ஸ்டோர் பக்கம் ரைஃபிளைச் சாத்தி வைக்கவே மாட்டாராம். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி பட்டால் இரும்பு தாங்காது. இன்று நாம் விளையாட்டுக்குச் சுடும் தோட்டாக்களில் பெரும்பாலும் அந்த அரிக்கும் உப்பு இல்லை. ஆனால் உள்ளங்கை வியர்வையில் உப்பு இருக்கிறதே! குளுகுளு அறையிலிருந்து துப்பாக்கியை வெளியே எடுத்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவது போல இரும்பிலும் பனி படிகிறதே! எதிரி மாறவில்லை, வழிதான் மாறியிருக்கிறது.

சரி, எந்த எண்ணெய்? வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம்? ஆரம்பத்தில் நானும் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் என்று எல்லாவற்றின் மீதும் ஆசைப்பட்டேன். ஆயுத பூஜைக்கு அரிவாள் முதல் சைக்கிள் செயின் வரை தேங்காயெண்ணெய் தொட்டு வைத்த வீடு எங்களுடையது. அதனால் ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சோதனை செய்து பார்த்தேன். ஒரே இரும்புத் தகட்டை ஐந்து துண்டாக வெட்டி, பளபளக்கத் தேய்த்து, நான்கில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எண்ணெய் தடவி, ஐந்தாவதை வெறுமனே விட்டு, பின்கட்டுக் கூரைக்கடியில் ஒரு மாதம் தொங்கவிட்டேன்.

வெறும் தகடு மூன்றாம் நாளே சிவந்துவிட்டது. தேங்காயெண்ணெய்த் துண்டுக்கு எறும்பு வந்தது. மாதக் கடைசியில் காறல் வாடை, ஓரத்தில் துரு. நல்லெண்ணெய்த் துண்டு விரலில் ஒட்டியது, பிசின் மாதிரி ஒரு மஞ்சள் தோல். தையல் மெஷின் எண்ணெய் சுத்தமாக இருந்தது, ஒட்டவில்லை. ஆனால் மேல்பகுதியில் எண்ணெய் வழிந்து இறங்கிய இடத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு. பாலிஸ்டால் தடவிய துண்டை மட்டும் துடைத்துப் பார்த்தேன். தேய்த்த அன்று என் முகம் எப்படித் தெரிந்ததோ அப்படியே தெரிந்தது. அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைப் பதக்கம் வாங்கிய நாளோடுதான் ஒப்பிட முடியும்.

நல்லெண்ணெய் ஏன் பிசினாகிறது? தாவர எண்ணெய்களின் மூலக்கூறுகளில் ஆக்சிஜன் வந்து பற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. பற்றிக்கொண்டால் பக்கத்து மூலக்கூறோடு கைகோத்து, மெல்ல மெல்லத் தோலாகக் காய்ந்துவிடும். சில எண்ணெய்கள் வேகமாகக் காயும், சில மெதுவாக. தேங்காயெண்ணெய் அவ்வளவாகக் காயாது. ஆனால் நாள்பட்டால் காறிப்போய் அமிலமாகும், 24 டிகிரிக்குக் கீழே உறையவும் செய்யும். குளிரூட்டிய கிடங்கில் வைத்த துப்பாக்கியின் நுண்ணிய பாகங்களுக்குள் உறைந்த தேங்காயெண்ணெயை நினைத்துப் பாருங்கள். விளக்கெண்ணெயின் பெருமை தனி. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் அதுவும் வெப்பத்தில் பிசுபிசுத்துப் படியும் எண்ணெய்.

காயும் எண்ணெயை இதற்காக ஒதுக்கிவிடக் கூடாது. அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து தோலாவதில் முதலிடம். மரக்கட்டைக்கு அதைப்போல ஒரு நண்பன் கிடையாது. லீ-என்ஃபீல்டின் கட்டையை அந்த எண்ணெய்தான் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியது. விரல் நுனியில் தொட்டு, உள்ளங்கைச் சூடு ஏறும் வரை தேய்த்தால் மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது எழும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, விரித்துக் காயப்போட்டோதான் எறிய வேண்டும்.

இனி என் சோம்பு வாசக்காரனுக்கு வருகிறேன். 1904-ல் ஜெர்மானிய ராணுவத்துக்கு ஓர் எண்ணெய் தேவைப்பட்டது. சிப்பாயின் பையில் இரும்புக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, தோல் வாருக்கு ஒன்று என்று மூன்று குப்பிகள் இருக்கக் கூடாது. ஒரே குப்பி எல்லாவற்றுக்கும் ஆக வேண்டும். ஹெல்முட் கிளேவர் என்ற வேதியியலாளர் உருவாக்கிக் கொடுத்ததுதான் பாலிஸ்டால். 1905-ல் ராணுவம் ஏற்றுக்கொண்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

இதன் அடிப்படை நன்றாகச் சுத்திகரித்த வெள்ளைக் கனிம எண்ணெய். அது காயாது, பிசினாகாது. இலேசான காரத்தன்மை உண்டு. கை வியர்வையும் வெடிமருந்துக் கரியும் விட்டுச்செல்லும் அமிலத்தை அது அடக்கிவிடும். இவற்றையெல்லாம் மிஞ்சி என்னைக் கட்டிப்போட்டது இன்னொரு குணம்: இது தண்ணீரோடு கலக்கும்! ஒரு பங்கு எண்ணெய்க்குப் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் பசும்பால் போல வெளுத்துவிடும். அந்தப் பாலில் நனைத்த துணியைக் குழலுக்குள் விட்டால், தண்ணீர் உப்பைக் கரைக்கும், எண்ணெய் கரியை இளக்கும். தண்ணீர் ஆவியானபின் எண்ணெய் மட்டும் காவலுக்கு நிற்கும். தாத்தா சுடுதண்ணீர், பிறகு எண்ணெய் என்று இரண்டு வேலையாகச் செய்ததை இந்த ஒரு குப்பி ஒரே வேலையாகச் செய்கிறது. முதல்முறை அந்த வெள்ளைப் பாலைப் பார்த்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது.

எண்ணெய்க்கு மூன்று வேலை. அழுக்கை எடுப்பது, உராய்வைக் குறைப்பது, துருவைத் தடுப்பது. மூன்றையும் ஒரே எண்ணெய் முழுமையாகச் செய்வது அபூர்வம். 1903-ல் பிறந்த ஹாப்பஸ் நம்பர் 9 அழுக்கு எடுப்பதில் கெட்டிக்காரன். கரி, ஈயம், செம்பு எல்லாவற்றையும் இளக்கும். ஆனால் அது கரைப்பான். துடைத்து எடுத்துவிட்டு அதன்மேல் எண்ணெய் போட வேண்டும். அமெரிக்க ராணுவம் நம்பும் சி.எல்.பி. வகை எண்ணெய்கள் பெயரிலேயே மூன்று வேலையையும் சுமக்கின்றன: சுத்தம், வழுக்கல், காப்பு. விடாமல் நூற்றுக்கணக்கில் சுட்டுச் சூடேறும் துப்பாக்கிகளுக்கு அவை மிகப் பொருத்தம். எனக்குச் சூடு பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. ஈரத்தோடு சண்டை போடாமல் அதையே தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும் எண்ணெய்தான் எனக்கு வேண்டும்.

ஆசியாவுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பிரிட்டிஷ் துப்பாக்கிக் கடைகளில் துரு தடுக்கப் புகழ்பெற்றிருந்தது ரங்கூன் எண்ணெய். நம் முன்னோர் கப்பலேறிப் போன அதே பர்மாவின் பெட்ரோலியம்தான் இங்கிலாந்துப் பிரபுக்களின் வேட்டைத் துப்பாக்கிகளைக் காத்தது. தவறான கொழுப்பு என்ன செய்யும் என்பதற்கும் சாட்சி நம் பக்கமே இருக்கிறது. 1857-ல் என்ஃபீல்ட் தோட்டாவின் காகிதத்தில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு வட இந்தியப் பாசறைகளில் பரவியது. சிப்பாய்கள் தேன்மெழுகு கலந்து தாங்களே பூச்சு தயாரித்துக்கொள்ளலாம் என்று பிறகு அனுமதி தந்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது; சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. ஒரு பேரரசு தன் தோட்டாவுக்கு எதைப் பூசுவது என்று யோசிக்கத் தவறியதன் விலை அது.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தபின் அளவு. என் வாழ்க்கையில் மறக்க முடியாத பாடம் இங்கேதான். சுடத் தொடங்கிய புதிதில் ஒரு போட்டிக்கு முந்தின நாள் போல்ட்டுக்குள் தாராளமாக எண்ணெய் விட்டேன். மறுநாள் விசையை அழுத்தினேன். 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும்தான். எண்ணெயும் கரியும் சேர்ந்து குழம்பாகி, அடிஊசியின் வேகத்தைத் தின்றுவிட்டிருந்தன. அன்றிலிருந்து ஒரே விதி: எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம். விரலால் தொட்டால் வழுக்க வேண்டும், விரலில் சொட்டக் கூடாது. போல்ட்டின் பூட்டுமுகடுகளுக்கு ஒரு துளி, உரசும் தடத்துக்கு ஒரு துளி. தோட்டா உட்காரும் அறையிலும் குழலிலும் சுடுவதற்கு முன் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. அறையில் எண்ணெய் இருந்தால் தோட்டாவின் உறை சுவரைப் பிடிக்காமல் பின்னால் நழுவி, முழு விசையும் போல்ட் மீது விழும். தோட்டாவின் மருந்துக்குள் எண்ணெய் ஊறினால் அது வெடிக்காமலே போகலாம். குழலில் எண்ணெய் இருந்தால் முதல் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். ஆகவே சுடப் போகும் முன் ஒரு உலர்ந்த துணியைக் கட்டாயம் இழுத்துவிடுங்கள்.

எல்லாத் துப்பாக்கிக்கும் இதே எண்ணெய் என்று மட்டும் நினைக்காதீர்கள். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்தே இல்லை. எட்டு மாதக் கர்ப்பிணியாக லண்டன் 2012 ஒலிம்பிக்கில் நின்ற நம் நூர் சூர்யானி தாய்பியும், கடலூரில் பிறந்து 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவனும் குறிவைத்த பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர்தான். அந்தத் துப்பாக்கிகளின் உருளையில் 200 பார் வரை அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும். அதற்குள் பெட்ரோலிய எண்ணெய் புகுந்தால் டீசல் எஞ்சினில் நடப்பது போல அழுத்தத்திலேயே தீப்பற்றும் அபாயம் உண்டு. அங்கே உற்பத்தியாளர் சொல்லும் சிலிகான் மசகு மட்டும்தான். குழலுக்கு உலர்ந்த ஃபெல்ட் உருண்டை போதும். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் நின்றார். டிராப் வீரர்கள் ஏந்தும் இரட்டைக்குழல் துப்பாக்கியின் கீல் மடிந்து நிமிரும் இடத்தில் எண்ணெய் நிற்காது, வழிந்துவிடும். அங்கே நல்ல கிரீஸ் ஒரு பொட்டு வைக்க வேண்டும். உலோகம் சுமையோடு உரசினால் கிரீஸ், இலேசாக வழுக்கினால் எண்ணெய், காற்றழுத்தம் இருந்தால் சிலிகான். இதை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

எங்கள் மேசையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உறுதி செய்வோம். பக்கத்தில் இருப்பவரும் "அண்ணே, காலி" என்று சொல்ல வேண்டும். தோட்டாப் பெட்டி அந்த மேசைப் பக்கமே வராது. துணியைத் தோட்டா போகும் திசையிலேயே, பின்னாலிருந்து முன்னால் தள்ளுவோம். குழல்வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி போய்விடும். பாலிஸ்டால் பாலில் நனைத்த துணி, பிறகு தூரிகை, மறுபடி துணி. வெள்ளையாக வரும் வரை. பிறகு உலர்ந்த துணி. கடைசியாக எண்ணெய் தொட்ட ஒரு துணி. வெளிப்புறம் முழுக்க ஒரு தடவல். தோல் வாருக்கும் அதே துணி. வைக்கும்போது குழல்வாய் கீழ்நோக்கி. நேராக நிறுத்தினால் எண்ணெய் இறங்கி மரத்துக்குள் ஊறி, நாளடைவில் மரம் கறுத்து மெத்துப்போகும். அலமாரியில் சிலிகா ஜெல் பை. அதை மாதாமாதம் காய வைத்து எடுப்போம். குளிர்ந்த துப்பாக்கியை வெளியே கொண்டுவந்தால் உறையோடு கால்மணி நேரம் விட்டுவைத்துத்தான் திறப்போம்.

துப்பாக்கி நம் நாட்டில் லேசாகத் தொடும் பொருள் அல்ல. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிகூட ஆயுதம்தான். லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருக்க முடியாது. அந்த லைசென்ஸ் நம்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கை. துருப்பிடித்த துப்பாக்கி அந்த நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம் என்றே நான் நினைக்கிறேன்.

துப்பாக்கியே தொடாதவர்களுக்கும் இந்த எண்ணெய் உதவும். என் வீட்டில் தாத்தா விட்டுப்போன சீவுகத்தி ஒன்று இருக்கிறது. நாற்பது வருஷமாக அதில் பால் படவில்லை. மாதம் ஒருமுறை அதையும் இதே துணியால் துடைக்கிறேன்; இன்னும் பளபளக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இரும்பு இருக்கும்: அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் சைக்கிள், பூஜை அறையில் தாத்தாவின் அரிவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுங்கள். முதலில் உப்பைக் கழுவுங்கள், நன்றாகக் காயவிடுங்கள். காயும் எண்ணெயை மரத்துக்குக் கொடுங்கள், காயாத எண்ணெயை இரும்புக்குக் கொடுங்கள். ஒரு துளி போதும்.